மாதிரிப் படிவத்தில் ஒட்டிய போட்டோ

அத்தியாயம் 11

ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்ததில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். போன வாரம் இதழ் கைக்குக் கிடைக்காதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸின் ஓரத்தை இயந்திரத்தில் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துவாள். அப்பா டவுன் பஸ் டிரைவர். பதினாறு வருஷமாக ஒரே தடம், கடைசி நிறுத்தம் பல்கலைக்கழக வாசல். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, ஆனால் வீட்டில் இன்னமும் பாப்பாதான்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம். எந்த விண்ணப்பப் படிவமானாலும் இரண்டாக வாங்குவார்கள். அப்பாவின் லைசென்ஸ் விண்ணப்பம் அடித்தல் திருத்தல் என்று மூன்று தடவை திரும்பி வந்ததில் ஏற்பட்ட பழக்கம் அது. ஒன்றில் அம்மா தன் விவரத்தையே போட்டு மாதிரிக்கு நிரப்பிப் பார்ப்பாள். எந்தக் கட்டத்தில் எது, எங்கே கையெழுத்து என்பதெல்லாம் அதில் தெளிந்த பிறகுதான் அசலில் கை வைப்பார்கள். அப்புறம் மாதிரியின் பின்பக்கம் மளிகைச் சாமான் எழுதப் பயன்படும்.

பாப்பா புவியியல் படிப்புக்கு விண்ணப்பித்தபோதும் அப்படியேதான் செய்தார்கள். ஆனால் இந்த முறை மாதிரியும் ஒரு கவருக்குள் போய், அப்பாவின் பையில் ஏறி, பல்கலைக்கழகத்துப் பெட்டியில் விழுந்துவிட்டது. "மேஜை மேல ரெண்டு கவர் இருந்துச்சு, ரெண்டையும் போட்டேன்" என்றார் அப்பா. டிப்போவில் இப்போது அவருக்குப் பெயரே போஸ்ட்மாஸ்டர்.

சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் மாதிரிக்கு இடம் கிடைத்துவிட்டது. அசலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் எண்.

கடிதத்தோடு படிவத்தின் முதல் பக்க நகலும் வந்திருந்தது. பாப்பா அதைக் கையில் வாங்கி, மூலையில் இருந்த அம்மாவின் போட்டோவைப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாதிரிக்கு யாராவது போட்டோ ஒட்டுவாங்களாம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒன்பது நாளாகப் பாப்பா அம்மாவிடம் பேசவில்லை.

இனி பத்தாவது நாள். சேருவதற்குக் கடைசி நாள்.

* * *

காலையில் அம்மா முதல் வேலையாகத் தன் சேர்க்கைக் கடிதத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். அப்பா ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் இன்னிக்கு வந்து என் இடத்தை விட்டுக்கொடுத்துடறேங்க. எழுதிக் குடுத்தா அடுத்த ஆளுக்குப் போயிடும். பாப்பாதானே அடுத்த ஆள்."

அப்பா குனிந்தபடியே கேட்டார். "நல்லா யோசிச்சுட்டியா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எனக்கு நாப்பத்தி நாலு வயசு. அவளுக்குப் பதினெட்டு."

"நான் வயசைக் கேக்கல."

"வேற எதைக் கேக்கறீங்க?"

அப்பா மற்றொரு ஷூவை எடுத்தார். பதினாறு வருஷம் டிரைவர் வேலை பார்த்த மனிதர், எங்கே பிரேக் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பாப்பா குளித்துவிட்டு வந்தாள். அம்மா இருக்கும் பக்கம் திரும்பாமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "அப்பா, என்னோட சர்டிஃபிகேட் எல்லாம் பச்சை ஃபைல்ல இருக்கு. எடுத்துக்கணுமான்னு கேளுங்க."

"ஏன், அவ உன் முன்னாடிதானே நிக்கறா."

"நீங்க கேளுங்கப்பா."

அப்பா பெருமூச்சு விட்டார். "ஏம்மா, பச்சை ஃபைலை எடுத்துக்கணுமான்னு உங்க பொண்ணு கேக்கச் சொல்றாங்க."

"எடுத்துக்கச் சொல்லுங்க. இடம் விழுந்த கையோட சேர்ந்துடணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"எடுத்துக்கணுமாம்" என்றார் அப்பா.

மூன்றடி தூரத்தில் நிற்கிற மகளிடம் ஒரு ஆளை வைத்துப் பேசுகிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. சமையலறைக்குள் போய் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூன்று சாப்பாட்டு டப்பாவையும் மூடினாள்.

* * *

கடையில் மதியம் வரை வேலை பார்த்துவிட்டு அரைநாள் லீவு சொல்லி வந்தாள். பாப்பாவும் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவின் பஸ்தான் வந்தது. அம்மா டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். பாப்பா பஸ்ஸின் கடைசிக்குப் போய்விட்டாள்.

கண்டக்டருக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. "என்னக்கா, காலேஜுக்குக் கிளம்பியாச்சா? புத்தகப் பை எங்க?"

"அவதான் போறா. நான் துணைக்கு."

"அப்படியா? போஸ்ட்மாஸ்டர் பட்டுவாடா பண்ணினா ரெண்டு டிக்கெட்டும் பாஸாகும்னு இல்ல நினைச்சேன்."

அப்பா கண்ணாடியில் பார்த்து, "நீ போய் டிக்கெட்டைக் கிழி" என்றார். கண்டக்டர் நகர்ந்தார்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா யாரிடமும் சொல்லாதது. மேஜை மேல் கவர் எதுவும் இருக்கவில்லை.

அம்மா அந்தப் போட்டோவை ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் எடுத்துக்கொண்டாள். ஸ்டுடியோக்காரர் எதற்கு என்று கேட்டபோது ரேஷன் கார்டுக்கு என்றாள். பள்ளியின் மதிப்பெண் சான்றிதழைத் தேடி எடுத்து, நகல் போட்டு, மேலொப்பம் வாங்கினாள். மாதிரிப் படிவத்தில் அத்தனையையும் இணைத்து ஒட்டினாள். அப்பாவின் பையில் பாப்பாவின் கவருக்கு அடியில் தன் கையாலேயே வைத்தாள். அப்பா பையைத் திறந்தபோது இரண்டு கவர் இருப்பதைப் பார்த்திருப்பார், மேல்பக்கம் எழுதியிருந்ததையும் படித்திருப்பார். போட்டுவிட்டார். பிறகு கடிதம் வந்து வீடு ரெண்டுபட்டபோது, மேஜை மேல் இருந்தது என்று ஒரு பொய்யைச் சொல்லித் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் அவரும் ஒன்று கேட்பார் என்று பயம்.

ஆசைதான். வேறென்ன. பாப்பாவுக்காக வாங்கிய பாடத்திட்டக் கையேட்டைக் கடைக்கு எடுத்துப்போய் இயந்திரம் ஓடும்போதெல்லாம் படித்தாள். முதல் வருஷம் பாறைகளும் மண்ணும், இரண்டாம் வருஷம் ஆறுகள், வரைபடம் போடுவதற்கென்றே தனியாக ஒரு பாடம். பள்ளியில் படித்தபோது வரைபடத்தில் மலைகளுக்குக் கோடு போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இந்த வயதிலும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் கை பரபரத்தது. கிடைக்கவா போகிறது என்று நினைத்துத்தான் போட்டாள். மகளின் இடத்தில் போய் முட்டும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இப்போது முட்டியிருக்கிறது. பெற்றவள்தானே நகர வேண்டும்? அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பல்கலைக்கழக வாசலில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகு அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு இங்க வருவேன். அஞ்சு நிமிஷம் நிக்கும்."

"அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள் அம்மா.

* * *

உள்ளே போனதும் தலை சுற்றியது. ஊருக்குள் ஒரு ஊர். ஒவ்வொரு கட்டடமும் ஒரு தெரு நீளம். சேர்க்கைக் கூடத்தில் மட்டும் எப்படியும் ஐந்நூறு பேர் இருப்பார்கள். பதினெட்டு ஜன்னல். ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, வரிசை ஒவ்வொன்றிலும் ஃபைலை மார்போடு அணைத்த பிள்ளைகள், பின்னால் தண்ணீர் பாட்டிலோடு பெற்றவர்கள்.

விலகல் கடிதம் வாங்குவது ஏழாம் ஜன்னல். அங்கே மட்டும் வரிசை இல்லை. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல யார் வருவார்கள்?

ஜன்னலுக்கு உள்ளே இருந்த குமாஸ்தா அம்மாள் முகத்தில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி வைத்திருந்தாள். முகத்தில் இருந்ததில் இடது லென்ஸ் லேசாகத் திரும்பியிருந்தது. யார் பொருத்தினார்களோ, இதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்த்தால் சாயங்காலம் தலை வலிக்கும். அந்த நேரத்திலும் அம்மாவின் கண்ணுக்கு அதுதான் பட்டது.

"விலகறீங்களா? வேற எங்கயாவது கிடைச்சிடுச்சா?"

"இல்லீங்க. வேண்டாம்னு விடறேன். விட்டா அடுத்த ஆளுக்குத்தானே போகும்?"

"லிஸ்ட்ல அடுத்து யார் இருக்காங்களோ அவங்களுக்குப் போகும். இன்னிக்கே கூப்பிட்டுக் குடுத்துடுவோம்."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்குக் கடைசி நாளாச்சே. முத்திரை விழுந்த அடுத்த நிமிஷம் மைக்ல கூப்பிடுவோம்." குமாஸ்தா ஒரு தாளைத் தள்ளினாள். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. ஒரு தடவை முத்திரை விழுந்துட்டா திரும்ப வாங்க முடியாது. அழுது புரண்டாலும் முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அம்மா பேனாவை எடுத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

பாப்பா பத்தடி தள்ளித் தூணோரம் நின்றிருந்தாள். பச்சை ஃபைலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அம்மா பார்ப்பதைக் கண்டதும் இரண்டடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு மகள் தன்னிடம் ஏதோ சொல்லப் போகிறாள் என்று அம்மா பேனாவை நிறுத்தினாள்.

பாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

பாவம், எப்படி வேண்டாம் என்று சொல்லும் குழந்தை, எப்படிச் சரி என்று சொல்லும் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அவளுக்குச் சங்கடம் கொடுக்கக்கூடாது என்று சட்டென்று திரும்பிக் கையெழுத்தைப் போட்டாள். கையெழுத்து கோணாமல் விழுந்தது. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்த்து வேலை செய்கிற கை அது.

டப். முத்திரை விழுந்தது.

குமாஸ்தா மைக்கை இழுத்தாள். "புவியியல் துறை. இடைவெளிப் பிரிவு. காத்திருப்பு எண் ஒண்ணு. உடனே ஏழாம் ஜன்னலுக்கு வரவும்."

"பாப்பா, எண் ஒண்ணு. கூப்பிடறாங்க, வா" என்றாள் அம்மா.

பாப்பா நகரவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சிலிருந்து வேறு ஒருத்தி எழுந்து ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி ஆயாவின் நீலச் சீருடை, தோளில் துணிப்பை. அம்மாவின் வயதுதான் இருக்கும்.

"நான்தாங்க. நான்தான் எண் ஒண்ணு. கூப்பிட்டீங்களா? நிஜமாத்தான் கூப்பிட்டீங்களா?"

"ஏழு நாளா இந்தப் பெஞ்சைத் தேய்ச்சதுக்குப் பலன் கிடைச்சிருக்கு" என்றாள் குமாஸ்தா. "இந்தம்மா விலகிட்டாங்க. அவங்க இடம் உங்களுக்கு."

அந்தப் பெண் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்களாக்கா விட்டீங்க? எதுக்கு விட்டீங்கன்னு நான் கேக்கல. நல்லா இருப்பீங்க. டியூட்டி முடிச்சுட்டு தினமும் இங்கதான் வந்து உக்காந்திருந்தேன். இன்னிக்கு வர வேண்டாம்னுகூட நினைச்சேன்."

அம்மா அவள் பிடியிலிருந்து கையை எடுக்காமலே குமாஸ்தாவைப் பார்த்தாள். "இல்லீங்க. ஏதோ தப்பு நடந்திருக்கு. எண் ஒண்ணு என் பொண்ணு. லெட்டர் இருக்கு, காட்டறேன்."

குமாஸ்தா கணினியில் தட்டிப் பார்த்தாள். "உங்க பொண்ணு பொதுப் பட்டியல்ல ஒண்ணு. நீங்க வந்தது இடைவெளிப் பிரிவு. பள்ளிக்கூடம் முடிச்சுப் பத்து வருஷத்துக்கு மேல ஆனவங்களுக்குன்னு ரெண்டு இடம் தனியா இருக்கு. அதுக்குக் காத்திருப்புப் பட்டியலும் தனி. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"அப்ப நான் சேர்ந்திருந்தாலும் அவளுக்கு…"

"அவளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. கூடியிருக்கவும் கூடியிருக்காது, குறைஞ்சிருக்கவும் குறைஞ்சிருக்காது." குமாஸ்தா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். குரல் தணிந்தது. "அதுக்காகவா விட்டீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

அம்மா ஜன்னல் திட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. தாள் அங்கேதான் கிடந்தது, எட்டினால் எடுத்துவிடலாம்.

நீலச் சீருடைக்காரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. "அக்கா, தெரியாம குடுத்திருந்தா… நான் வேணும்னா…"

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க அவளுக்கு மனசு இல்லை, பாவம். ஏழு நாள் உட்கார்ந்தவள்.

"நீங்க போய்ச் சேருங்க" என்றாள் அம்மா. "மணியாகுது. போங்க."

* * *

கூடத்துக்கு வெளியே ஒரு நீளமான தாழ்வாரம். சுவர் முழுக்க அறிவிப்புத் தாள்கள். அம்மா அங்கே வந்து படியில் உட்கார்ந்தாள். பாப்பா பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஏமாந்துட்டேன் பாப்பா" என்றாள் அம்மா. "எனக்கும் போச்சு, உனக்கும் கிடைக்கல. விசாரிக்காம அவசரப்பட்டுட்டேன். யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா…"

"எனக்குத் தெரியும்மா."

ஒன்பது நாளுக்குப் பிறகு மகள் பேசிய முதல் வார்த்தை அது.

"என்ன தெரியும்?"

"ரெண்டு பட்டியலும் தனித்தனின்னு." பாப்பா சுவரைக் காட்டினாள். "அங்க ஒட்டியிருக்கு. போன வியாழக்கிழமை ஃப்ரெண்டோட வந்தப்பவே படிச்சேன்."

அம்மா அந்தத் தாளைப் பார்த்தாள். கொட்டை எழுத்தில் இருந்தது.

"வியாழக்கிழமையா?"

"வீட்டுக்கு வந்த உடனே சொல்லணும்னுதான் வந்தேன். நீ அடுப்படியில அப்பாகிட்ட சொல்லிட்டிருந்தே. 'அது சும்மா மாதிரிதானேங்க, எனக்கு எதுக்குப் படிப்பு'ன்னு. அதைக் கேட்டதும் கோபம் வந்துடுச்சு. என்கிட்ட சொன்ன பொய்யையே அப்பாகிட்டயும் சொல்றியேன்னு. அதான் சொல்லல."

"இன்னிக்குக் காலையில சொல்லியிருக்கலாமே. பஸ்ல சொல்லியிருக்கலாமே. அங்க தூண்கிட்ட நின்னியே, அப்ப சொல்லியிருக்கலாமே."

பாப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. "நீ கையெழுத்துப் போட மாட்டேன்னு நினைச்சேன். ஜன்னல் வரைக்கும் போயிட்டு, எனக்கும் படிக்கணும்னு ஆசையா இருக்கு பாப்பான்னு என்கிட்ட சொல்லுவேன்னு நினைச்சேன். அதைச் சொன்னா போதும்னு இருந்தேன். சொன்ன உடனே எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன். நீ திரும்பிப் பார்த்தியா, அதைத்தான் சொல்லப் போறியோன்னு பக்கத்துல வந்தேன். நீ டக்குனு போட்டுட்டே."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ."

"கேட்டேனேம்மா" என்றாள் பாப்பா. "போட்டோ எதுக்குன்னு கேட்டேனே."

அம்மாவுக்குக் கோபம் வந்தது, உள்ளதைச் சொன்னால் மகள்மேல் அவளுக்கு இவ்வளவு கோபம் இதுவரை வந்ததே இல்லை. கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அதே நேரம், அந்தக் கேள்விக்கு அன்றைக்கே ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் படியில் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்தது. தாழ்வாரத்தில் போகிறவர்கள், இடம் கிடைக்காமல் அழுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

உள்ளேயிருந்து மைக் கேட்டது.

"புவியியல் துறை. பொதுப் பட்டியல். இதுவரை வராதவர்களின் இடம் ஒண்ணு காலி. காத்திருப்பு எண் ஒண்ணு உடனே மூணாம் ஜன்னலுக்கு வரவும். அஞ்சு மணிக்கு ஜன்னல் மூடப்படும்."

மணி நாலே முக்கால்.

ஆக, அவளுக்கு எப்படியும் கிடைத்திருக்கும். அம்மா சேர்ந்திருந்தாலும் கிடைத்திருக்கும். ஒரே பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அந்த நினைப்பை நினைக்கவே கூடாது என்று அம்மா எழுந்து நின்றாள்.

"போ. கூப்பிடறாங்க."

பாப்பா அசையவில்லை. "நான் சேரல."

"என்ன?"

"எனக்கு வேண்டாம்மா. உன்னோடதைக் கெடுத்துட்டு நான் போய் எப்படி அங்க உக்கார்றது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்தே போடலாம்."

"அடுத்த வருஷம் கிடைக்கும்னு யாரு உனக்கு எழுதிக் குடுத்தா?"

"கிடைக்கலைன்னா பரவாயில்ல."

அம்மா அவள் தோளைப் பிடித்தாள். குரலை உயர்த்தவில்லை. "இந்தா பாரு. எனக்கு உன்மேல இருக்கிற கோபம் இன்னிக்குத் தீராது. நாளைக்கும் தீருமான்னு தெரியாது. நீ செஞ்சது சின்ன விஷயம் இல்ல. நான் செஞ்சதும் சின்ன விஷயம் இல்ல. அதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம், சண்டை போட்டுக்கலாம். ஆனா நீயும் சேராம வந்துட்டேன்னா, நான் அங்க போட்டுட்டு வந்த கையெழுத்துக்கு ஒண்ணுமே மிச்சம் இருக்காது. அந்தத் தண்டனையை எனக்குக் குடுக்காதே."

"அம்மா…"

"நான் உன்னை இழுத்துட்டுப் போக மாட்டேன். பக்கத்துல நின்னு கையெழுத்துப் போடவும் வைக்க மாட்டேன். உனக்குப் பதினெட்டு ஆச்சு, அப்பா அம்மா கையெழுத்து எதுவும் வேண்டாம். நான் வாசலுக்குப் போறேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு கூட்டம்.

* * *

அஞ்சு மணிக்கு பஸ் வந்தது. கும்பலாக இறங்கினார்கள். அம்மா ஏறிப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். கண்டக்டர் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்பா இருக்கையில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்தார். "பாப்பா எங்க?"

"உள்ள இருக்கா."

"சேர்ந்துட்டாளா?"

"தெரியலீங்க. நான் பார்க்காம வந்துட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. குடைந்து குடைந்து கேட்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. பத்து நாளாக அவர் மனசை அரித்துக்கொண்டிருந்த வேறு ஒன்றைக் கேட்டார்.

"உன்கிட்ட பேசினாளா?"

"பேசினா."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப சரி. பேசிட்டா போதும், மத்ததெல்லாம் தானா சரியாயிடும். என்ன சொன்னா?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மகள் என்ன சொன்னாள் என்பதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் இந்த மனிதர் இனி மகளின் முகத்தைப் பார்ப்பாரா? சொல்லாவிட்டால் இன்னொரு பொய் அல்லவா? பொய் சொல்லிச் சொல்லித்தானே இங்கே வந்து நிற்கிறோம்.

அவள் மகளைப் பற்றிச் சொல்லவில்லை. தன்னைப் பற்றிச் சொன்னாள்.

"எனக்கும் படிக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சுங்க."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, காலி பஸ்ஸில், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அப்பா கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தெரியும் என்று சொல்ல வந்தவர், எதற்கோ தயங்கி, அதைச் சொல்லாமலே விட்டார்.

ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். அஞ்சு நிமிஷம் முடிந்து, ஏழு நிமிஷமும் முடிந்தது. கண்டக்டர் பின்படியிலிருந்து விசில் கொடுத்தார். பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட நேரம் தவறாமல் வண்டியை எடுத்த டிரைவர், சாவியில் கை வைக்காமல் பல்கலைக்கழக வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, டைம் ஆச்சு" என்றார் கண்டக்டர்.

"என் பொண்ணு வரணும்" என்றார் அப்பா.

வாசலில் நூறு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அதில் பாப்பா இல்லை.